தேறாத கேமரா

"சார், உங்களைக் கிளம்புங்கன்னு சொல்லல. நான் சாப்பிடப் போகணும்னுதான் சொல்றேன்" என்றார் கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் நிமிரவில்லை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கியிருந்தார். கையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புக் கேமரா. ஓடுகிறவர்களும் குதிக்கிறவர்களும் உடம்பில் மாட்டிக்கொண்டு படம் பிடிக்கிற வகை. விழுந்தாலும் நனைந்தாலும் தாங்கும் என்று அதற்குப் பேர். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து விற்றது. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்தபோது மணி பத்தரை. இப்போது ஒன்றேகால்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்ப வருத்தத்தோடு.

"அப்ப பேக் பண்ணிடட்டுமா?"

"எல்லாம் சரியா இருக்கறதுதான் இடிக்குது. ஏதோ ஒரு குறை இல்லாமலா வித்திருப்பான்?"

"ஒரு சைக்கிள்காரர் வச்சிருந்தது சார். முட்டி வலின்னு சைக்கிளையே விட்டுட்டார். குறை முட்டியிலதான், கேமராவுல இல்ல."

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலையில், வெளியே போகிற ஒவ்வொரு பம்பையும் கடைசியாகப் பார்க்கிறவர். பதினெட்டு வருஷமாக அதே மேசை, அதே விளக்கு. பம்பு தேறிவிட்டால் அவர் ஒன்றும் செய்ய மாட்டார். அது பாட்டுக்குப் பெட்டிக்குள் போய்விடும். தேறாவிட்டால் சட்டைப் பையில் இருக்கும் பெயின்ட் பேனாவை எடுத்து ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். புள்ளி விழுந்த பம்பு வந்த வழியே பட்டறைக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பதினெட்டு வருஷம் ஒரே வேலையைச் செய்த கை சும்மா இருக்காது. வீட்டில் தக்காளிக்குப் புள்ளி, பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் புள்ளி. மச்சினன் பரிசாகக் கொடுத்த குடைக்கு இரண்டு புள்ளி.

கடைசியில் அவர் பேட்டரி மூடியைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகத் தள்ளினார். முகம் மலர்ந்தது.

"இந்த மூடி ஆடுது."

"எங்க ஆடுது?"

"நகத்தால தள்ளிப் பாருங்க. தெரியும்."

"நகத்தால ஏன் சார் தள்ளணும்?"

இந்தக் கேள்வி இன்ஸ்பெக்டர் காதில் விழவே இல்லை. அவர் மனசு நிறைந்துவிட்டது. கை தானாகப் பைக்குப் போயிற்று, பேனா வந்தது, மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. விழுந்த பிறகுதான், அது இன்னும் தன் பொருள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"என்ன சார் அது?" என்றார் கடைக்காரர்.

மூன்று மணி நேரம் உட்கார வைத்து, இரண்டு தடவை தண்ணீர் கொடுத்த மனிதரிடம் 'உங்கள் சரக்கு தேறவில்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. நான் பாத்துட்டேன்னு ஒரு அடையாளம். தொழில் பழக்கம்."

"என்ன தொழில்?"

"குவாலிட்டி இன்ஸ்பெக்டர்."

"ஓஹோ" என்றார் கடைக்காரர். குரலில் திடீரென்று ஒரு மரியாதை ஏறியிருந்தது. "அப்ப எடுத்துக்கறீங்களா?"

"யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வெறுங்கையோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். பதினைந்து வயது. பள்ளிக்கூடக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பள்ளியிலேயே கைகள் நீளமானவள் என்று முதலில் அந்த இடத்தில் நிறுத்தினார்கள். இப்போது அவளை விட்டால் ஆளில்லை. ஒன்றாம் தேதி அவள் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பெரிய கிளப் ஒன்று பெண்களுக்கு விடுதி நடத்துகிறது. தங்கலாம், படிக்கலாம், காலையும் மாலையும் பயிற்சி. அதில் கோல்கீப்பருக்கு ஒரே ஓர் இடம் காலி. விருப்பமுள்ளவர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவை, எங்கும் வெட்டாமல், முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்டரின் செல்போனோ வெயிலில் எட்டு நிமிஷம் படம் எடுத்தால் சூடாகித் தானே அணைந்துவிடும். மனைவியின் போனில் கண்ணாடி விரிசல். புதுக் கேமராவின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் பழைய கேமரா என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"வாங்கிட்டீங்களா அப்பா?"

"மூடி ஆடுதும்மா."

"ஆடினா படம் வராதா?"

"படம் வரும். ஆனா ஆடும்."

"படமா?"

"மூடி."

மகள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு மேட்ச் இருக்கே அப்பா. முதல்ல வர்றத முதல்ல பாப்போம்னு லெட்டர்ல போட்டிருக்காங்க. பிடிச்சிருந்தா உடனே எடுத்துப்பாங்களாம்."

"இன்னிக்குத் தேதி மூணுதானே? இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை இருக்கு. அவசரப்பட்டு ஓட்டை உடைசலை வாங்கிட்டு அப்புறம் அழக் கூடாது."

மருந்துக்கடையில் வேலை முடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த மனைவி, கைப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ஒரு மூடிக்கு மூணு மணி நேரமா? என்னைக் கட்டிக்கறதுக்கு மட்டும் எப்படிங்க ஒரே நாள்ல முடிவு பண்ணீங்க?"

"அப்ப எனக்கு இந்த வேலை கிடைக்கல" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதல் ஞாயிறு இப்படிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவரே இணையத்தில் தேடி, முத்துக் குளிக்கிறவர்போல் தண்ணீருக்குள் போய் மீன்களைப் படம் பிடிக்கும் ஒருவரிடமிருந்து இரண்டாவது கேமராவை வாங்கினார். அதே ஜாதி, அதே கறுப்பு. வாங்கும்போது மூடியை நகத்தால் தள்ளினார், ஆடவில்லை. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். சமையலறை, மாடிப்படி, அம்மாவின் கோபம் எல்லாம் கண்ணாடிபோல் பதிவாயிற்று. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆனால் விற்றவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும் சார்." அந்தப் பத்து மீட்டர் இன்ஸ்பெக்டரைத் தூங்கவிடவில்லை. சொன்னார் சரி, பார்த்தது யார்? மறுநாள் காலை கேமராவைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். அங்கே பம்புகளை அழுத்திப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. காற்றடைத்து எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு ஆழத்தின் அழுத்தத்தையும் அதில் உண்டாக்கலாம்.

"எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டார் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

"நாப்பது மீட்டர்."

"பத்துன்னுதானே சொன்னீங்க?"

"சொன்ன அளவைப் போல நாலு மடங்கு வச்சுத்தானே நாம பம்பைப் பாக்கறோம்? பம்புக்கு ஒரு நியாயம், கேமராவுக்கு ஒரு நியாயமா?"

பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டு நாற்பது வைத்தார். பதினெட்டு மீட்டர் வரை கேமரா தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு குமிழ் வந்தது. அதன் பின்னால் வரிசையாகப் பல குமிழ்கள் வந்தன. வெளியே எடுத்தபோது திரைக்குள் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நிதானமாக நடமாடியது. பணம் தண்ணீரில் போயிற்று என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். இன்ஸ்பெக்டருக்கு அது கண்ணெதிரே நடந்தது.

"கோல் கம்பம் எத்தனை மீட்டர் ஆழத்துல இருக்கு?" என்று கேட்டார் பெரியவர், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். செத்த கேமராவின் நெற்றியில் ஒரு புள்ளி வைத்தார்.

மாலையில் நேராகப் பழைய கடைக்கு ஓடினார். மூடி ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும் என்கிற அளவுக்கு மனசு இறங்கி வந்திருந்தது.

"அதுவா சார்? மறுநாளே போயிடுச்சு" என்றார் கடைக்காரர். அவர் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டூல் போட்டார், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

"வாங்கினவங்க மூடியைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க, பாத்தாங்க. பாத்துட்டுத்தான் வாங்கினாங்க."

பாவம், யாரோ ஏமாந்த சோணகிரி என்று இன்ஸ்பெக்டர் மனதுக்குள் இரக்கப்பட்டார்.

"வேற ரெண்டு பீஸ் வந்திருக்கு சார். வாங்கணும்னு இல்ல, சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுத்தா போதும்."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஒன்றில் பொத்தான் சற்று அழுத்தமாக இருந்தது; இன்னொன்றில் திருகாணி ஒன்றின் தலையில் கீறல். இரண்டுக்கும் புள்ளி விழுந்தது. கடைக்காரர் இரண்டையும் பத்திரமாக வாங்கி முன்வரிசையில் வைத்துக்கொண்டு, நன்றி என்று கையைப் பிடித்தார். சரக்கு தேறவில்லை என்று காட்டிக்கொடுத்தவரின் கையைப் பிடிக்கிற வியாபாரியை இன்ஸ்பெக்டர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"விடுங்க மாமா, நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் மச்சினன். குடை கொடுத்த அதே மச்சினன். அவனுக்கு எல்லா ஊரிலும் ஒரு நண்பன், எல்லா நண்பனிடமும் ஒரு சாமான். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் விக்கறதுக்கு வச்சிருக்கான். இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க. பிடிச்சிருந்தா வாங்குங்க. ஆனா ஒண்ணு மாமா, தொட்டிப் பக்கம் கொண்டு போகக் கூடாது."

பதினோராம் தேதி, இரண்டாவது ஞாயிறு. இன்ஸ்பெக்டர் விடுப்புப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் தொழிற்சாலை உண்டு என்பதால் மகளின் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் அதுவரை பார்த்ததில்லை. கேமராவைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியில் கட்டினார். பொத்தானை அழுத்தினார். சின்னதாக ஒரு விளக்கு மினுக்கியது. ஆட்டம் தொடங்கியது.

ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். உள்ளுக்குள் அரித்தது. ஓடுகிறதா? ஓடுகிறது என்று விளக்கு சொல்கிறது, விளக்கை நம்பலாமா? கிட்டே போய் லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்தினார். 'பீப்' என்றது. சத்தம் வருகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று திருப்தியோடு திரும்பினார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அரித்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி 'பீப்'. ஆட்டம் முடிகிற வரை இப்படிப் பதினொரு தடவை சோதித்தார்.

அன்று மாலை எல்லோரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் ஆட்டம் அருமையாக ஓடியது. பிறகு திரை முழுக்க ஒரு மூக்கு வந்தது.

"யாரு இது?" என்றாள் மனைவி.

"நான்தான். ஓடுதான்னு பாக்க வந்தேன்."

'பீப்.' அடுத்த காட்சியிலும் அதே மூக்கு, வெளிச்சம் மட்டும் மாறியிருந்தது. பிறகு வீரர்கள் தண்ணீர் குடித்தார்கள். நடுவர் ஷூ நாடாவைக் கட்டினார். பந்து சாக்கடையில் விழுந்து, அதை எடுக்க நாலு பேர் போனார்கள். மறுபடி மூக்கு.

"அக்கா, மாமா ஒரு தடவை அழுத்தினா நிக்கும், இன்னொரு தடவை அழுத்தினா ஓடும்" என்று மச்சினன் மெதுவாக விளக்கினான். "ஓடுறப்பல்லாம் வந்து நிறுத்தியிருக்காரு."

"நான் பெனால்டியைத் தடுத்தேனே அம்மா" என்றாள் மகள். "அது எங்க?"

அது எங்கேயும் இல்லை. ஒன்பதாவது மூக்குக்கும் பத்தாவது மூக்குக்கும் நடுவே அது காணாமல் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "பொத்தான் தேறல" என்றார். கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் அடியில் சிவப்புப் புள்ளி இருந்ததால், மச்சினனுக்கு ஒரு நண்பன் குறைந்தான்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் தொழிற்சாலையின் சோதனைத் தாளைப் போலவே கேமராவுக்கும் ஒரு தாள் தயாரித்தார். முப்பத்திரண்டு கேள்விகள். எத்தனை தடவை கீழே விழுந்தது, யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பது வரை இருந்தது. ஏழு பேரை வரிசையாகச் சந்தித்தார். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் பன்னிரண்டாவது கேள்வியில் பஸ் ஏறிவிட்டார். பூங்காவில் ஒரு பெண்மணி, "சார், எனக்குக் கேமராவே வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க, என்னை விட்டுடுங்க" என்றாள். இலவசமாகக் கொடுக்கிறாள் என்றால் பெரிய குறையாக இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டார்.

பதினெட்டாம் தேதி, நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக எட்டாவது ஆளை மைதானத்துக்கே வரச் சொன்னார். தேறினால் அங்கேயே வாங்கி அங்கேயே கட்டிவிடலாம் என்பது திட்டம். வேலியோரம் சிமென்ட் பெஞ்சில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோதிக்க ஆரம்பித்தார். வெயில் கண்ணில் படக் கூடாதல்லவா? பின்னால் அவ்வப்போது சத்தம் எழுந்தது. ஒரு தடவை எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் இருபத்தாறாவது கேள்வியில் இருந்தார். முப்பத்தோராவது கேள்வியில் விசில் ஊதி ஆட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கையுறைகளைக் கழுவுகிற தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இன்னிக்கு நாலு பந்து தடுத்தேன் அப்பா."

"ரொம்ப சந்தோஷம்மா."

"நீங்க எத்தனை பாத்தீங்க?"

இன்ஸ்பெக்டர் குழாயைப் பார்த்தார்.

"முதுகைக் காட்டி உக்காந்திருந்தீங்க. நான் அங்கேயிருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." அவள் கையுறையைப் பிழிந்தாள். "நானும் ஒரு சாமான்னு வச்சுக்குங்க. எனக்கு எங்க புள்ளி வைப்பீங்க? போன மேட்ச்சுல ஒரு கோல் விட்டேன். அதுக்கு ஒண்ணு. வலது கால்ல உதைச்சா பந்து தூரம் போகாது. அதுக்கு ஒண்ணு."

"அப்படியெல்லாம் சொல்லாதேம்மா."

"இன்னும் ஒரே மேட்ச்தான் இருக்கு."

அவர் குழாயை மூடினார். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பம்புகளைத் திருப்பி அனுப்பியவர். ஒன்றுகூட அவரைத் திரும்பிக் கேள்வி கேட்டதில்லை. அன்று மாலை அவர் அந்த முப்பத்திரண்டு கேள்வித் தாளைக் கிழித்துப் போட்டார். பெயின்ட் பேனாவை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கைப்பைக்குள் மாத்திரைப் பட்டைகளுக்கு அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இனிமே நான் எதையும் பாக்க மாட்டேன். முதல்ல எது கிடைக்குதோ அதை வாங்கறேன்" என்றார்.

"இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம்" என்றாள் மனைவி. ஆனாலும் காவலுக்குக் கூடவே வந்தாள்.

வெள்ளிக்கிழமை அப்படி ஒன்று கிடைத்தது. முந்தின நாள்தான் விளம்பரம் போட்டிருந்தார்கள். விலை, மற்றவர்கள் சொன்னதில் பாதி. நாலாவது மாடியில் தொப்பி போட்ட ஒரு மனிதர் கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரு பெரிய பெட்டி பாதி நிரம்பித் திறந்து கிடந்தது. யாரோ ஊருக்குக் கிளம்புகிற வீடு. கேமராவை ஒரு துணிப்பையில் போட்டு நீட்டினார்.

"பேட்டரி ஃபுல்லா இருக்கு. கார்டும் உள்ளேயே இருக்கு. அப்படியே எடுத்துட்டுப் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். பாக்கறீங்களா?"

இன்ஸ்பெக்டரின் கட்டைவிரல் நகம் துடித்தது. மனைவி இருமினாள்.

"வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். தன் குரலா அது என்று அவருக்கே சந்தேகம். "எதுக்கு விக்கறீங்கன்னு மட்டும்…"

மனைவி மறுபடி இருமினாள்.

"அதோட வேலை முடிஞ்சுடுச்சு சார், அவ்வளவுதான்" என்று சிரித்தார் தொப்பிக்காரர்.

இறங்கும்போது நாலு மாடியும் இன்ஸ்பெக்டர் புலம்பிக்கொண்டே வந்தார். பாதி விலை. பார்க்கச் சொல்லி அவரே கேட்கிறார். குறையை எவ்வளவு ஆழத்தில் ஒளித்து வைத்திருந்தால் இவ்வளவு தைரியம் வரும்? "நாளன்னிக்கு இது நடு ஆட்டத்துல செத்துப்போகும் பாரு" என்றார். அதை வாங்கும்போதே அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் வீட்டில் அந்தப் பையைத் தொடவே இல்லை.

இருபத்தைந்தாம் தேதி, கடைசி ஞாயிறு. கேமராவை மகளே வேலியில் கட்டினாள். ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்தினாள். பிறகு வேலியிலிருந்து இருபது அடி எண்ணி, அந்த இடத்தில் ஷூவால் ஒரு கோடு கிழித்தாள்.

"இதைத் தாண்டக் கூடாது அப்பா."

அவர் தாண்டவில்லை. கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு கோட்டின் மேல் நின்றார். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் ஆட்டத்தைப் பார்த்தார். முதல் பாதியில் மூலையை நோக்கி வந்த ஒரு பந்தை மகள் ஒற்றைக் கையால் தட்டிவிட்டாள். இன்னொன்றைக் காலடியில் விழுந்து அமுக்கினாள். கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிரணிக்குப் பெனால்டி. உதைக்க வந்த பெண் மகளைவிட ஒரு தலை உயரம். மகள் இடது பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போயிற்று.

அவர் அழுதார். மறைக்கவும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றரை மணி நேரம் எதிலும் குறை தேடாமல் அவர் நின்றது அன்றைக்குத்தான். இப்படி ஒருத்தி தன் வீட்டில் இருக்கிறாள் என்று தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மகள் கேமராவை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை, வெட்டு இல்லை, நடுக்கம் இல்லை, மூக்கு இல்லை. மூன்று தடுப்புகளும் பளிச்சென்று இருந்தன.

"இன்னிக்கே அனுப்பிடலாம்" என்றாள் மனைவி. "இதைப் பாத்துட்டு எவன் வேண்டாம்னு சொல்லுவான்?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு. நான்தான் சொன்னேனே, அவசரப்படக் கூடாதுன்னு" என்றார் இன்ஸ்பெக்டர். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்போது மைதானத்து வாசலில் தொப்பிக்காரர் வருவது தெரிந்தது. கையில் ஒரு சின்ன ஒயர்.

"நல்லவேளை, இன்னிக்கு இங்க மேட்ச்னு உங்க வீட்டம்மா சொல்லியிருந்தாங்க. சார்ஜ் பண்ற ஒயரைக் குடுக்க மறந்துட்டேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒயரை வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நான் ஒண்ணு கேக்கலாமா? ரெண்டு நாளா மண்டையைக் குடையுது. இவ்வளவு நல்ல கேமராவைப் பாதி விலைக்கு ஏன் குடுத்தீங்க? என்ன குறை அதுல? சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"குறையா? ஒண்ணும் இல்லையே. எம்பொண்ணும் கோல்கீப்பர்தான் சார், அந்தப் பக்கம் வேற ஸ்கூல். ஏதோ கிளப் விடுதியில ஒரே ஒரு இடம் காலி, வீடியோ அனுப்பணும்னு லெட்டர் வந்துச்சு. அதுக்காகத்தான் வாங்கினேன். அடுத்த வாரமே எடுத்து அனுப்பிட்டோம். போன புதன்கிழமை, இடம் உங்களுக்குத்தான், இனிமே வேற யார் வீடியோவையும் பாக்கப் போறதில்லைன்னு பதில் வந்துடுச்சு. நாளைக்கு அவளைக் கொண்டுபோய் விடணும். கேமராவை வச்சு நான் என்ன பண்ண? விளையாடற பொண்ணு யாருக்காவது உபயோகப்படட்டுமேன்னு கம்மியா போட்டேன்."

மனைவி நீட்டிய தண்ணீர் பாட்டில் நீட்டியபடியே நின்றது. மகள், கார்டை எடுப்பதற்காகப் பேட்டரி மூடியை நகத்தால் தள்ளித் திறந்தவள், உள்ளே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

மூடியில் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார் தொப்பிக்காரர்.

"பயப்படாதீங்க சார், நல்ல பொருள்தான். வாங்கறப்ப நானும்தான் ரொம்பத் தயங்கினேன். கடைக்காரர் அந்த மூடிக்குள்ள இருக்கற சிவப்புப் புள்ளியைக் காட்டி, யாரோ ஒரு பெரிய இன்ஸ்பெக்டர் மூணு மணி நேரம் சோதிச்சுப் பாத்துட்டு வச்ச அடையாளம்னு சொன்னாரு. அதை நம்பித்தான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன்."